ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்கள்

நிச்சயதார்த்தத்தன்று கிளெமென்ட் ஐரினுக்குத் தனியாகக் கொடுத்த பரிசு, போன வருஷத்து மாதா கோயில் காலண்டர். ஊரில் மற்ற பெண்களுக்கெல்லாம் வாட்ச் வரும், செண்டு வரும்; இவளுக்கு வந்ததைப் பாருங்கள்! ஆனால் கணக்கில் பட்டம் வாங்கியவளுக்கு அது பிடித்துத்தான் போயிற்று.

மாப்பிள்ளை சாணார்பட்டிப் பக்கம் கணக்கு வாத்தியார். ஏழு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் 11,11,111 ஒரு பகா எண் என்று அந்தக் காலண்டரில்தான் கண்டுபிடித்திருந்தான். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் டீயை விட்டதோடு, கூடுதல் ஒறுத்தலாக 11-இலிருந்து தொடங்கி தினம் நாலு பகா எண்களால் அதை வகுத்தானாம். ஆயிரத்துச் சொச்சம் வரை வகுபடாவிட்டால் பிறகு எதற்கும் வகுபடாது.

"யாராலயும் பிரிக்க முடியாது" என்று அவன் சொன்னபோது அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

கல்யாண அறிவிப்பான முதல் ஓலையும் கோயிலில் வாசித்தாயிற்று. இன்று கல்யாணப் பத்திரிகையின் புரூஃப் வந்தது. இருவர் பெயருக்கும் மேலே கொட்டை எழுத்தில், '11,11,111 போல் பிரிக்க முடியாதவர்கள்'. சாயங்காலத்துக்குள் சரி சொன்னால் அச்சாகிவிடும்.

ஆசையாகக் காலண்டரைப் புரட்டினாள். ஒவ்வொரு கட்டத்திலும் நாலு எண்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். ஞாயிற்றுக்கிழமைகளில் எண்கள் இருந்தன, டிக் இல்லை. ஞாயிறுதான் ஒறுத்தல் கிடையாதே, மனுஷன் பிரியாணிக் கடைக்குப் போயிருப்பான்!

சும்மா வகுத்துப் பார்த்தாள். முதல் ஞாயிறு தப்பித்தது. இரண்டாம் ஞாயிறில் 239. ஈவு 4649, மீதி பூச்சியம். 239-ஐ 4649-ஆல் திரும்பத் திரும்பப் பெருக்கினாள். மூன்று தடவையும் அதே ஏழு ஒன்றுகள்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறந்துவிட்டானா? தெரிந்தே மறைத்தானா? இல்லை, இவளைச் சோதிக்கிறானா? சொன்னால் ரோஷப்பட்டுக் கல்யாணத்தை நிறுத்திவிடுவானோ?

"வாய வச்சுக்கிட்டு சும்மா இரு. ஒரு நம்பருக்காக மாப்பிள்ளைய விட்ருவியா?" என்றாள் அம்மா ஆனந்தமேரி.

சும்மா இருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக் காதர் பீவியின் போனிலிருந்து அவனைக் கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை நம்பரையெல்லாம் வகுத்தீங்களா?"

"தவக்காலத்துல ஞாயிறு சேராதுல்ல. அப்புறமாப் பாத்துக்கிடலாம்னு விட்டேன். அதுக்குள்ள ஈஸ்டர் வந்துருச்சு." நிறுத்தினான். "ஏன்?"

"239-ல போகுதுங்க."

அந்தப் பக்கம் அவன் வாய்க்குள்ளேயே வகுத்துப் பார்ப்பது கேட்டது. பிறகு சிரித்த மாதிரி ஒரு சத்தம். "இருந்துட்டுப் போகட்டும். பத்திரிகைய வாங்கிட்டு யாரு ஒக்காந்து வகுத்துப் பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே."

போன் கட்டாகிவிட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. வைப்பதா, பிடித்துக்கொண்டே நிற்பதா?

"ஐரின், பிரஸ்ல சொல்லி அந்த வரிய எடுத்துர்றேன்" என்றான் கடைசியில். "நம்ம ரெண்டு பேரு பேரு மட்டும் இருக்கட்டும்."

போனை வைத்துவிட்டு நிம்மதியில் அழுதாள். என்னடி ஆச்சு என்று காதர் பீவி பதறினாள். ஐரினுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.