ஆறு ஐம்பதின் வெளிச்சம்

காலை ஆறே முக்காலுக்கும் ஏழுக்கும் நடுவே ஏரியில் ஒரு வெளிச்சம் வரும். கோரைப்புல் நுனியைத் தொட்டு, தண்ணீரில் ஒரு கோடு இழுத்துவிட்டு, காபி ஆறுவதற்குள் போய்விடும். அந்தக் கால் மணி நேரத்தைத்தான் ஓவியர் பன்னிரண்டு நாட்களாகத் துரத்திக்கொண்டிருந்தார்.

படம், அக்காவைப் பிழைக்க வைத்த நர்ஸ்களுக்காக. ஏழு மாதம் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டபோது அவள் பார்த்ததெல்லாம் எதிரே இருந்த வெற்றுச் சுவர். வீடு திரும்பியதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "அந்தச் செவத்துக்கு நம்ம ஏரியைக் கொண்டுபோய் மாட்டணும்டா." தலைமை நர்ஸ் சனிக்கிழமை ஓய்வு பெறுகிறார். அதற்குள் மாட்டியாக வேண்டும்.

போன கோடையில் ஓவியர் வெயிலில் மயங்கி விழுந்திருந்ததால், அக்கா ஆள் வைத்து ஏரிக்கரையில் நான்கு கம்பு நட்டு, நீலத் தார்ப்பாயில் பந்தல் கட்டிக் கொடுத்திருந்தாள். அதன் கீழே உட்கார்ந்துதான் வேலை. வெளியே பார்த்த வெளிச்சத்தை வீட்டு டியூப்லைட்டில் திருத்தக் கூடாது என்பது அவர் வைராக்கியம். வீட்டுக்கு வந்ததும் படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிடுவார். முடியும்வரை பார்க்க மாட்டார்.

புதன்கிழமை படம் முடிந்தது. மதியம் ஜன்னலோரம் வைத்துத் திருப்பியவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர், வானம், புல் எல்லாம் ஒரே மஞ்சள்.

அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். "ஏரிக்கு மஞ்சக்காமாலையாடா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருடமாக நம்பியிருந்த கண் கைவிட்டுவிட்டது என்று நினைத்தார். திருத்துவதற்கு மறுநாள் ஏரிக்குப் போவதில்லை என்றார். அக்கா விடவில்லை. தானும் வருவதாகச் சொல்லி, விடிவதற்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

பந்தலுக்குள் அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தூரிகை கழுவத் தண்ணீர் மொள்ள இறங்கினார். தண்ணீர் மக்கோடு திரும்பியவர் அப்படியே நின்றார். அக்காவின் முகம் நீலம் பாரித்திருந்தது. உதடும், முடி முளைத்துக்கொண்டிருந்த தலையில் கட்டிய வெள்ளைத் துணியும் அதே நிறம். கையிலிருந்த தண்ணீர் காலில் கொட்டியது.

"அக்கா, மூச்சு முட்டுதா? எந்திரி, வெளிய வா."

"எனக்கென்னடா, நல்லாத்தான் இருக்கேன்" என்று முணுமுணுத்தபடி அவள் வெயிலுக்கு வந்தாள். முகம் முகமாக இருந்தது. துணி பளிச்சென்று வெள்ளை. அவர் அவளைப் பார்த்தார், தார்ப்பாயைப் பார்த்தார். வண்ணக் குடையின் கீழே வரையக் கூடாது என்பது எல்லா ஓவியரும் முதலில் கற்கும் பாடம். அதற்காகவே இத்தனை வருடமும் வெள்ளைக் குடை சுமந்தவர். பந்தலையும் ஒரு குடையாக நினைக்கத் தோன்றவில்லை. படத்தின் மேல் விழுந்த நீலத்தை ஈடுகட்ட, தெரியாமலே மஞ்சளை அள்ளி அப்பியிருக்கிறார்.

கண் கெடவில்லை. அக்காவும் நன்றாக இருக்கிறாள். எது பெரிய நிம்மதி என்று பிரித்துச் சொல்ல அவரால் முடியவில்லை. கொஞ்ச நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் கட்டினதாலதான் கெட்டுதா?" என்றாள்.

"நீ வந்ததாலதான் தெரிஞ்சுது."

படம் வைத்திருந்த ஸ்டாண்டைப் பந்தலுக்கு வெளியே இழுத்துப் போட்டார். அக்கா பழைய வெள்ளைக் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தாள். அன்று பத்து நிமிடம் கிடைத்தது; வெள்ளிக்கிழமை முழுக் கால் மணி நேரமும். மஞ்சளின் மேல் சாம்பல், வெளிர் ஊதா, கடைசியாக அந்த ஒற்றைக் கோடு. கை வலிக்கிறது என்று அவள் நாலு தடவை சொன்னாள். குடையை மட்டும் இறக்கவில்லை.

சனிக்கிழமை தலைமை நர்ஸ் படம் மாட்டிய சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். இந்த வெளிச்சம் காலை ஏழு மணி இருக்குமா என்று கேட்டார்.

ஓவியர் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "ஆறு அம்பது. நானும் அங்கதான் இருந்தேன்."