ஒன்பது வாசகர்கள்

குக்கர் இரண்டாவது விசில் அடிக்கும்போதே பக்கம் முழுசாகத் திறந்துவிட்டது. ஜெயராணி நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்து கைதட்டினாள். லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பேயில் இணையம் என்பது வானத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வடிகிற சமாச்சாரம். வலைப்பூவுக்கு எந்தத் தளம் நல்லது என்று சென்னைக்காரர்கள் பத்துக் காரணம் எழுதியிருந்தார்கள். அழகாம், வசதியாம், விளம்பரமாம். அவளுக்கு வேண்டியது ஒரே காரணம்தான்: பருப்பு வேகுவதற்குள் திறக்குமா, திறக்காதா?

அவள் புருஷன் சந்திரசேகர் நீல நிறத் தளத்தின் கட்சி. வீட்டு முன்னறையில் ஒரு ஜெராக்ஸ் மிஷினும் இரண்டு கம்ப்யூட்டரும் உள்ள கடைக்கு முதலாளி என்று அவனுக்குத்தான் பெயர். ஒரு வாரம் உட்கார்ந்து அருவிப் படம், யானைப் படம், மேலிருந்து உதிரும் பூ, திறந்ததும் ஓவென்று இரையும் அலைச் சத்தம் எல்லாவற்றையும் அதில் ஏற்றி வைத்திருந்தான். ஏழு விசில் ஆகியும் யானையின் ஒரு காதுதான் வந்திருந்தது.

"இரு புள்ள, முழு யானையும் வரட்டும்."

"யானை வர்றதுக்குள்ள ஜஹாஜே வந்துட்டுப் போயிரும்ங்க!" அந்தத் தீவில் எல்லாருக்கும் கப்பல் என்றால் ஜஹாஜ்தான்.

அத்தோடு, இரண்டே விசிலில் திறந்த ஆரஞ்சு நிறத் தளம் ஜெயித்தது. வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து. படமும் கிடையாது, பாட்டும் கிடையாது. மெயில் அனுப்பினாலே பதிவு ஏறிவிடும். 'இன்றைக்குக் கப்பல் உண்டா?' என்று பெயர் வைத்தாள். ஊரே காலையில் எழுந்ததும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிற கேள்வி அது.

பதில் அவள் தம்பியிடமிருந்து வந்தது. ரவிச்சந்திரனுக்குக் கப்பலில் சமையல் வேலை. துறைமுகப் பலகையில் அறிவிப்பு ஏறக் காகிதம் வேண்டும், கையெழுத்து வேண்டும். அரிசிக்கு அதெல்லாம் வேண்டாம். போர்ட் பிளேரில் சமையல்கட்டுக்கு அரிசி மூட்டையும் காய்கறியும் ஏறினால் கப்பல் புறப்படப்போகிறது என்று அர்த்தம். உடனே அக்காவுக்கு ஒரு போன். தினமும் மாலை ஐந்து மணிக்கு ஜெயராணி எழுதிவிடுவாள். எழுத ஒன்றுமில்லாத நாளிலும், 'இன்று தகவல் இல்லை' என்றாவது எழுதுவாள். நம்பி வந்து பார்க்கிறவர்களுக்குக் காலிப் பக்கத்தைக் காட்டக்கூடாது என்று அவளுக்கு ஒரு பிடிவாதம்.

பக்கத்தின் அடியில் இருந்த தினசரி வாசகர் எண்ணிக்கை மட்டும் ஒன்பதைத் தாண்டவே இல்லை.

"ஒம்போதுல ரெண்டு நீயும் நானும்," என்பான் சந்திரசேகர்.

இரண்டாம் மாதம் ஒருநாள், கப்பல் உண்டு என்று எழுதினாள். கப்பலும் வந்தது. ஆனால் துறையில் கட்ட முடியாத அளவுக்கு அலை. அப்படியே திரும்பிப் போய்விட்டது. பக்கத்து வீட்டுச் சொர்ணம்மா, மூன்று மூட்டை அன்னாசியோடு மத்தியானம் வரைக்கும் வெயிலில் நின்றுவிட்டு வந்து வாசலில் ஏசினாள். 'அழிச்சிரு, யாருக்குத் தெரியப்போகுது' என்றான் சந்திரசேகர். ஜெயராணி அழிக்கவில்லை. அந்த வரியைக் கோடு போட்டு அடித்து, மேலே எழுதினாள்: 'நேற்று நான் எழுதியது தப்பு. அலையைப் பற்றி விசாரிக்காமல் எழுதிவிட்டேன்.' அவமானத்தில் காது இரண்டும் எரிந்தது. மறுநாளும் எண்ணிக்கை ஒன்பதில் நின்றதைப் பார்த்ததும், ஒருத்தரும் விட்டுப் போகவில்லை என்று அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

ஜூன் மாதம். மழையில் எட்டு நாளாகக் கப்பல் இல்லை, மறு அறிவிப்பு வரை இல்லை என்று ரேடியோவும் சொல்லியாயிற்று. டிக்கெட் எடுத்தவர்கள் டிக்கெட்டோடு வீட்டில் கிடந்தார்கள். சொர்ணம்மா மகள் பானுவுக்கு வியாழக்கிழமை போர்ட் பிளேரில் நர்சிங் இன்டர்வியூ. அழுதழுது முகமே வீங்கிப்போயிருந்தது அந்தப் பெண்ணுக்கு.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு ரவி பேசினான். "அக்கா, அரிசி ஏத்தியாச்சு! ராத்திரி கெளம்புறோம். காலைல எட்டுக்கு அங்க, ஒம்போதுக்கு ரிட்டர்ன்."

"அலை எப்படிடா?"

"இங்க கொறஞ்சிருக்கு. அங்க எப்படியோ, கேப்டனுக்கே தெரியாது."

ஜெயராணி போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். சந்திரசேகர் குரலைத் தணித்துச் சொன்னான்: "சொர்ணம்மாக்கா காதுல மட்டும் போட்டுரு. எழுதாத. இன்னொருவாட்டி பொய்யாச்சுன்னா அப்புறம் ஒன் எழுத்த ஒரு பய திரும்பிப் பாக்க மாட்டான்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"பக்கத்து வீட்டுக்கு மட்டும் சொல்றதுக்கு எதுக்குங்க ஒரு பக்கம்? சொவத்துல தட்டிச் சொல்லிறலாமே!" என்றவள் உட்கார்ந்து எழுதினாள். 'நாளை காலை எட்டு மணிக்குக் கப்பல். அலை தணிந்தால்தான் துறையில் கட்டுவார்கள். வரும் என்று நம்புகிறேன்.' மெயில் போய்விட்டது.

காலையில் பானுவையும் சொர்ணம்மாவையும் கூட்டிக்கொண்டு துறைக்குப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அங்கே இருநூறு பேராவது இருப்பார்கள். ட்ரங்குப் பெட்டி, வாழைத்தார், கைக்குழந்தை, எக்ஸ்ரே கவரோடு ஒரு கிழவர். வங்காளிகள், தெலுங்கர்கள், ராஞ்சிக்காரர்கள், நிக்கோபாரிகள்.

"என்னா ஜெயாக்கா, பாத்தீங்களா!" பஸ் கண்டக்டர் ஆவுடையப்பன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தான். "தெனம் ஒங்க கடையில படிச்சிட்டுப் போயி ஒவ்வொரு ஸ்டாப்புலயும் ஹிந்தில கத்துறேன். நேத்து தொண்டையே கட்டிப்போச்சு."

ஐயோ, ஒன்பது பேரா இவர்கள்! அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவனைக் கட்டிக்கொள்ளலாமா என்றிருந்தது. அடுத்த நிமிஷமே, வராவிட்டால் இத்தனை பேர் முகத்திலும் எப்படி விழிப்பது என்று பயம் வந்தது. எட்டு ஆயிற்று. எட்டரையும் ஆயிற்று. அலைத்தடுப்பின் மேல் தண்ணீர் ஏறி ஏறி இறங்கியது. ஜெயராணி நடையாக நடந்தாள்.

கூடையில் இரண்டு வாத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு வங்காளிப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இதற்கு முன் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. தன் மூட்டையை நகர்த்தி இடம் விட்டாள்.

"பைட்டோ தீதி. தமில்வாலி நே லிக்கா ஹை. ஆயேகா."

தமிழ்க்காரி எழுதியிருக்கிறாள், வந்துவிடும். உட்கார்.

ஜெயராணி அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வடக்கே, கடல் முடிகிற இடத்தில் கறுப்பாக ஏதோ ஒன்று தெரிந்தது. மேகமா, கப்பல் புகையா என்று சொல்ல முடியவில்லை. ஒவ்வொருவராக எழுந்து மூட்டைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டார்கள்.