என் இடுப்புக்கு ஏத்த துப்பாக்கி

எல்லாரும் எப்படி இருக்கீங்க? மூட்டு வலி, முதுகு வலி எல்லாம் பரவாயில்லையா? எனக்குக் குளிர் வந்தா விரல் மடங்க மாட்டேங்குது. ஒத்தை விரலாலதான் தட்டிட்டிருக்கேன், எழுத்து தப்பா வந்தா கண்டுக்காதீங்க.

போன வாரம் நம்ம குழுவுல ஒரு பொண்ணு கேட்டிருந்தா, தினமும் வெளியில தெரியாம இடுப்புல வச்சுக்க வசதியா எந்தத் துப்பாக்கி வாங்கலாம்னு. ஆளாளுக்கு ஒரு பேரு சொல்லிட்டீங்க. எனக்குப் பேரெல்லாம் ஞாபகம் நிக்காதும்மா. ஆனா அதைப் படிச்சதும் எங்க வீட்டுக்காரர் ஓடெல் கண்ணு முன்னாடி வந்து நின்னுட்டாரு. அவர் போய்ச் சேர்ந்து வருஷமாச்சு. அந்தக் கதையைச் சொல்லிடறேன்.

டெக்சஸ்ல மறைச்சு வச்சுக்க லைசென்ஸ் குடுக்க ஆரம்பிச்ச வருஷம் அது. அபிலீன் ஊருக்கு மேற்கே, பருத்தி மில்லுக்கு எதிர்ல எனக்கு ஒரு டோனட் கடை. விடியறதுக்கு முன்னாடி நான் ஒருத்தியா போய்த் திறப்பேன். அந்தக் கோடையில எதிர்த்த பெட்ரோல் பங்க்ல எவனோ கத்தியைக் காட்டி மிரட்டிட்டு ஓடிட்டான். அன்னிலேருந்து ஓடெல் என்கூடவே எழுந்து வந்து, கடை வாசல்ல வண்டியில உக்காந்து காவல் காப்பாரு. அப்புறம் பகல் பூரா எங்க பருத்திக் காட்டுல டிராக்டர் மேல தூங்கி வழிவாரு.

ஒரு நாள் சொல்லிட்டாரு. "டார்லா, இது சரிப்படாது. ஒண்ணு, நீ துப்பாக்கி வச்சுக்க. கைப்பையில இல்ல, உடம்புல. தினமும். இல்லன்னா கடையை மாவிஸ் புருஷன்கிட்ட குடுத்துடு."

மாவிஸ் அவரோட தங்கச்சி. அவ புருஷன் போடற காபி பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கும்.

"யோவ், அது என் கடை! நான் செத்தாலும் அவன் கைக்குப் போகாது!"

"அப்ப தேடு. பருத்தி எடுக்கறதுக்குள்ள ஒரு நாள் நான் கடையிலயே உக்காந்து பாப்பேன். எங்க வச்சிருக்கன்னு எனக்குத் தெரிஞ்சுட்டா கடை அவனுக்குத்தான்."

சும்மா சொல்லல. அப்பல்லாம் சட்டை விலகிக் கொஞ்சம் வெளிய தெரிஞ்சாலே போலீஸ் வம்புதான்.

முதல்ல அவரோட பெரிய பிஸ்டலைக் கட்டிப் பாத்தேன். பட்டாளத்துல பழகினது, இரும்புக் கட்டி. மாவு மூட்டையைத் தூக்கக் குனிஞ்சா விலாவுல குத்துது. வண்டியில உக்காந்தா தொடையில குத்துது. மத்தியானத்துக்குள்ள இடுப்பு கன்னிப் போச்சு.

அப்புறம் சனிக்கிழமை சனிக்கிழமை ரெண்டு பேரும் பழைய பிக்கப் வண்டியில கிளம்பிடுவோம். ஊர் ஊரா துப்பாக்கிக் கடை ஏறி இறங்கறதுதான் வேலை. வழியில எங்கயாவது பிரிஸ்கட்னு புகையில வேக வச்ச மாட்டுக்கறி சாப்பிடுவோம், ஜன்னலை இறக்கி விட்டுட்டு சண்டை போட்டுக்கிட்டே வருவோம். அந்த மாதிரி ஒரு கோடை எங்களுக்கு அப்புறம் வாய்க்கவே இல்ல.

துப்பாக்கிக் கடை ராய்ஸ் ஒரு குட்டி ரிவால்வரை எடுத்து வச்சான். "பொம்பளைங்களுக்கு இதாம்மா. கோழி இறகு மாதிரி இருக்கும்."

கையில எடுத்தேன். அடடா, என்ன சுகம்! இடுப்புல சொருகிப் பாத்தா இருக்கறதே தெரியல. அங்கயே முடிவு பண்ணிட்டேன். எல்லாரும் பண்ற தப்பு இதுதான், கடையில கைக்கு அடக்கமா இருக்குன்னு வாங்கிடறது. சுட்டுப் பழகற எடத்துல போய் விசையை அழுத்தினேன் பாருங்க, கழுதை உதைச்ச மாதிரி இருந்துச்சு! துப்பாக்கியில கனம் இல்லன்னா உதை பூரா நம்ம கைக்குத்தான் வரும். இன்னும் ரெண்டு தரம் சுட்டேன், உள்ளங்கை செவந்து வீங்கிடுச்சு. அடுத்த நாள் மாவு பிசைய முடியல.

"இதை வச்சு நீ பழகவே மாட்ட"ன்னாரு ஓடெல். "பழகாத துப்பாக்கி பேப்பர் வெயிட்டுதான்."

ராய்ஸ்கிட்ட திருப்பிக் குடுத்தேன். அவன் தலையைச் சொறிஞ்சுட்டு நடுத்தரமா ஒண்ணு குடுத்தான். எஃகு. அதோட கொஞ்சம் கனம்தான் உதையை வாங்கிக்குது. பிடியில சுண்டு விரலுக்கும் எடம் இருந்துச்சு. சுட்டுப் பாத்தேன், இன்னும் சுடலாம் போல இருந்துச்சு. ஓடெலுக்கு ஒரே சந்தோஷம். ராய்ஸ்கிட்டயே ஒரு தோல் உறையும் வாங்கிட்டு வந்தாரு.

கட்டிப் பாக்கறேன், வலது பக்கத்து உறை!

"யோவ், நான் எந்தக் கைக்காரிய்யா?"

முழிக்கறாரு. "வலது...?"

"இத்தனை வருஷமா நான் நொட்டாங்கையால போட்ட டோனட்டைத் தின்னு தொப்பை வளத்திருக்க. எந்தக் கைன்னு தெரியாதா?"

"நான் டோனட்டைத்தான பாத்தேன்!"ன்னாரு மனுஷன். சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறு வலிச்சுப் போச்சு. அவருக்குத்தான் மனசு கேக்கல போல. மறுநாள் டிராக்டரை அப்படியே விட்டுட்டு, சேணம் தைக்கிறவர்கிட்ட தானே போய் இடது பக்கத்துக்கு ஒண்ணு தைக்கச் சொல்லி வாங்கிட்டு வந்தாரு. அகலமான தோல் பெல்ட்டும் சேத்து. அந்த பெல்ட்லதான் விஷயமே இருக்கு. நல்ல பெல்ட் கனத்தைச் சுத்தி வர பிரிச்சுக் குடுத்துடும்.

இன்னும் ஒரே ஒரு தொல்லை. ஏப்ரனை மேல கட்டினா துப்பாக்கியை எடுக்கறதுக்குள்ள விடிஞ்சுடும். அதனால ஏப்ரனைப் பெல்ட்டுக்கு உள்பக்கம் கட்டி, மேல ஒரு பெரிய பூப்போட்ட சட்டையைத் தொங்க விட்டேன்.

பரிட்சை நாள் வந்துச்சு. ஓடெல் மூலை மேசையில காபியோட உக்காந்துட்டாரு. நான் குனியறேன், நிமிர்றேன், தட்டு எடுக்கறேன், சாசேஜ் வச்ச கோலாச்சி பன் சுடறேன். அவர் கண்ணு என்னை விட்டு நகரல. வயசான விவசாயிங்க கிண்டல் பண்றாங்க. "என்ன ஓடெல், நேத்துதான் கல்யாணம் ஆன மாதிரி பொண்டாட்டியை இப்படிப் பாக்கற?"

"வாயை மூடிட்டு தின்னுங்கடா."

கடை போனா நான் என்ன பண்ணுவேன்?

மத்தியானம் கதவைச் சாத்தினேன். எழுந்து வந்தாரு. "ஏண்டி, வீட்லயே வச்சுட்டு வந்துட்டியா?"

அவர் கையைப் பிடிச்சு என் இடது இடுப்புல, சட்டைக்கு மேல வச்சேன். கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்ல.

"வலிக்குதா?"

"இருக்கறதே மறந்து போச்சு."

தொப்பியைக் கழட்டி மறுபடி போட்டுக்கிட்டாரு. "நாளைக்கு எப்பத் திறக்கற?"

"வழக்கம் போலத்தான்."

"சரி. எனக்கு ஒரு கோலாச்சி எடுத்து வை. நான் தூங்கி எழுந்து மெதுவா வர்றேன்."

மறுநாள் இருட்டுல நான் கிளம்பறேன், படுக்கையில அவர் குறட்டை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே கதவைச் சாத்தினேன். அதுல இருந்த நிம்மதியை எப்படிச் சொல்றதுன்னே தெரியல.

ஆக, கேட்ட பொண்ணு யாரோ, கடையில தொட்டுப் பாத்து வாங்காதேம்மா, சுட்டுப் பாத்து வாங்கு. மத்தவங்களும் சொல்லுங்க. உங்க கைக்கு ஏத்தது எப்படி அமைஞ்சுது, கூட வந்து தேடினது யாரு? ஒண்ணு விடாம எழுதுங்க, உக்காந்து படிக்கறேன்.