மரக்கரண்டியில் டீசல் வாசம்

கறுப்பு பீன்ஸில் டீசல் வாசம் அடித்தது. மாயேலா இன்னொரு வாய் எடுத்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, டீசல்தான். பானையை முகர்ந்தாள், வெங்காயத்தை முகர்ந்தாள், கடைசியில் கிளறிய மரக்கரண்டியை மூக்கருகே கொண்டுபோனதும் குட்டு உடைந்தது. கரண்டியின் முதுகில் லேசாகக் கரி. அதைவிட விசித்திரம், காம்பின் நுனியில் பல் பதிந்த தடம். நாய் கடித்த தடம் இல்லை. மனிதப் பல்.

இந்தச் சமையலறையிலிருந்து பின்பக்கக் கொட்டகைக்குப் போகாத சாமான் கிடையாது. காப்பி வடிகட்டும் துணி டீசல் வடிகட்டப் போனது. கேக் தட்டு, டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் குளிப்பாட்டப் போனது. திருநாளுக்கென்று வாங்கிய அவளுடைய காலுறையில் ஒன்று ஏர் ஃபில்டருக்கு மேல் முகமூடியாக இரண்டு கோடைகாலம் இருந்தது. கேட்டால் புருஷன் எலாடியோ, "பிடிவாதக்காரிக்குத் தேவைப்பட்டுது" என்பான். பிடிவாதக்காரி என்பது ஜீப். மாயேலா அந்தச் சக்களத்தியோடு சமாதானமாகிப் பல காலம் ஆகிறது. ஆனால் காப்பி மரக் கட்டையில் அவள் கையால் சீவிய இந்தக் கரண்டியை மட்டும் இதுவரை யாரும் தொட்டதில்லை.

பின்கதவில் நின்று, "எலாடியோ" என்று கூப்பிட்டாள். கொட்டகையில் எஞ்சின் ஓடவில்லை. ஸ்பேனர் தரையில் வைக்கப்படும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது முறை கூப்பிட்டபோது கோழிகள்கூடத் திரும்பிப் பார்த்தன. அவன் திரும்பவில்லை.

இது இன்றைக்கு நேற்று வந்ததில்லை. யாராவது சிரித்தால் தானும் சிரிப்பான். கேள்வி மாதிரி எதுவாவது தோன்றினால் "பார்க்கலாம்" என்பான். டாமினோ ஆட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டான். பக்கத்துத் தோட்டத்துச் சாலோ அவளிடமே சொன்னான்: "உன் வீட்டுக்காரன் பெரிய மனுஷனாயிட்டான், மாயேலா. கூப்பிட்டா திரும்பறதுகூட இல்ல." அவள், "ஆமா, ஜனாதிபதி தேர்தல்ல நிக்கப்போறாரு" என்று சொல்லிச் சமாளித்தாள். வீட்டுக்கு வந்து அழுதாள். தானாக அவனிடம் கேட்பதில்லை என்று வைத்திருந்தாள். மறைக்க வேண்டும் என்று ஒருவன் இவ்வளவு பாடுபடும்போது அதை உடைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அவள் கல்யாணம் செய்துகொண்டதே அவனுடைய காதைத்தான். சாப்பாட்டு மேஜையில் சோள ரொட்டியை, தொர்த்தியாவைப் பிய்த்துக்கொண்டிருப்பவன் சட்டென்று கையை நிறுத்துவான். "சாலோ வண்டி. ரெண்டாவது சிலிண்டர்ல வால்வு இடிக்குது, சொல்லணும்." அவன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதுதான் சாலோவின் வண்டி வளைவில் தலைகாட்டும். போய்ப் பிரித்தால் இரண்டாவது சிலிண்டர்தான். ஊரில் படித்த மெக்கானிக்குகள் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடிப்பதை இவன் பிரிக்காமலே சொல்லுவான், சொல்லிவிட்டு அதை ஒரு பெருமையாகவும் நினைக்கமாட்டான்.

அப்படிப்பட்டவனுடைய சொந்த ஜீப்பில் இந்த அறுவடை தொடங்கிய வாரத்திலிருந்து ஒரு தட்டல். டொக், டொக், டொக். சமையலறையில் இருந்த மாயேலாவுக்குக் கேட்டது. மேல்மேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர்களுக்குக் கேட்டது. எலாடியோவுக்கு மட்டும் வண்டி இழுவை குறைந்து கரும்புகை விடுவதுதான் தெரிந்தது. தெரியாமல் ஒரு போல்ட்டைத் தொடாதவன், முதல் தடவையாகக் குத்துமதிப்பில் வேலை செய்தான். இன்ஜெக்டர்களைக் கழற்றினான், துடைத்தான், போட்டான். பம்பைத் திருகிப் பார்த்தான். ஒன்றும் சரியாகவில்லை. போன வாரம் வெல்லத் தண்ணீர் குடித்துக்கொண்டே, நியூஸ் சொல்வதுபோலச் சொன்னான்.

"கார்த்தாகோவுலேருந்து ஒருத்தர் ஞாயித்துக்கிழமை வர்றாரு. பழைய ஜீப்பா சேர்க்கறவரு. பெயிண்ட் அடிச்சு, விளக்குப் போட்டு வச்சுக்குவாராம். குடுத்துடறேன்னு வார்த்தை சொல்லிட்டேன்."

"ஏன்?"

"முதுகு வலிக்குது."

அவன் முதுகுக்கு ஒரு கேடும் இல்லை. பாலத்தைத் தாண்டி மேட்டுக்கு லாரி ஏறாது. அங்கே விளையும் காப்பிப் பழம் அத்தனையும் இந்த ஜீப்பில்தான் இறங்கியாக வேண்டும். அதைக்கூட ஊர் எப்படியாவது பார்த்துக்கொள்ளும். ஜீப்பை அனுப்பிவிட்டு, காலிக் கொட்டகைக்கு எதிரே, கூப்பிட்டால் திரும்பாத ஒரு மனிதன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை மாயேலா நினைத்துப் பார்த்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. விற்கிற வண்டிக்கு எதற்கு இன்னும் ரிப்பேர் என்று கேட்டதற்கு, "இருமலோட யாரையும் வீட்டவிட்டு அனுப்பக்கூடாது" என்றான்.

இப்போது சனிக்கிழமை. கரண்டித் திருடனைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தாள். கரண்டியைக் கழுவி அதன் ஆணியில் மாட்டினாள். கூடையை எடுத்துக்கொண்டு கொட்டகை முன்னால் போய் நின்று, "சாலோ வீட்டுக்குப் போறேன்" என்று கையையும் காலையும் ஆட்டிச் சொன்னாள். அவன் தலையாட்டினான். வேலியைச் சுற்றி, வாழைகளுக்குப் பின்னால் வந்து நின்றாள். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் ஓடத் தொடங்கியது. டொக், டொக்.

எலாடியோ பானெட்டுக்குள் குனிந்திருந்தான். கரண்டிக் காம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, அதன் முதுகை எஞ்சின்மேல் அழுத்தியிருந்தான். கண்கள் மூடியிருந்தன. வாயோரம் எச்சில் வழிந்து தாடையில் இறங்கியது. புத்தி பேதலித்துவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். தொர்த்தியாவோடு கை நிற்குமே, அந்த முகம். அதைப் பார்த்து எவ்வளவு நாளாகிறது. அவன் கரண்டியை ஒரு விரற்கடை நகர்த்தினான், புருவத்தைச் சுருக்கினான், மறுபடி நகர்த்தினான். கண்ணைத் திறந்தபோது எதிரே மனைவி நின்றாள்.

எஞ்சினை நிறுத்தினான். கரண்டி இன்னும் வாயிலேயே இருந்தது.

"அது என் கரண்டி" என்றாள்.

"கழுவித்தான வச்சேன்."

"எதுல, டீசல்லயா?"

கவிழ்த்துப் போட்ட பழக்கூடைமேல் உட்கார்ந்தாள், அவனுக்குத் தன் உதடு தெரியும்படி. இதுவரை கேட்காததைக் கேட்டாள். "எப்பலேருந்து காது கேக்கல?"

அவன் கரண்டியைச் சட்டையில் துடைத்தான். துடைத்ததையே திரும்பத் துடைத்தான். "போன அறுப்புக்கு முந்தின அறுப்புலேருந்து. உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு ஆளை மூணு தடவை கூப்பிட்டா ஊருக்கே தெரியும். உங்களுக்குத்தான் தெரியாம இருந்துது."

சிரிப்பதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "போன மாசம் மேட்டுல இறங்கறப்ப பிரேக் கத்தியிருக்கு. எனக்குக் கேக்கல. சாலோ கூரையப் போட்டுத் தட்டினதுக்கப்புறந்தான் நிறுத்தினேன். பின்னாடி மூட்டை மேல ஆளுங்க உக்காந்திருந்தாங்க, மாயே. அவன் பொண்ணும் இருந்தா." ஜீப்பின் பக்கம் கையைக் காட்டினான். "கேக்காதவன் கையில அந்த வண்டி இருக்கக்கூடாது."

அவள் எழுந்துபோய் அவன் தாடையிலிருந்த எச்சிலைத் தன் ஏப்ரனால் துடைத்தாள். "அப்ப இது என்ன வித்தை?"

அவன் முகம் மாறியது. "இது கேக்குது. காதுல இல்ல, பல்லுல." ரெண்டு கையும் வேலையாக இருந்தபோது ஸ்க்ரூ டிரைவரைப் பல்லில் கவ்வியிருக்கிறான். அதன் முனை தற்செயலாக ஓடுகிற எஞ்சினில் பட்டதும் மொத்த எஞ்சினும் மண்டைக்குள் புகுந்துவிட்டதாம். "நான் கீழ விழப் பார்த்தேன். இரும்பு, அடைச்ச பல்லுல கூசுது. அதான் மரம் தேடினேன்." சொல்லும்போது பொம்மை கிடைத்த பிள்ளைபோல இருந்தான். ரெண்டு வருஷம் யாரிடமும் சொல்லாமல் தனியாகக் கிடந்துவிட்டு, தன் செவிட்டுச் சுவரில் தானே ஒரு ஓட்டை போட்டுத் தாண்டியிருக்கிறான். இவனைப்போல ஒரு கெட்டிக்காரன் இந்த மலையில் இல்லை என்று மாயேலாவுக்குத் தோன்றியது. அதை வாய்விட்டே சொன்னாள். அவன் சரியாகப் பார்க்காததால் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"ஓட்டும்போது நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். பிரேக் கத்தினா தொடையில கிள்ளுறேன். விக்க வேணாம்."

"வார்த்தை குடுத்துட்டேனே."

"சரி, முதல்ல இருமலைப் பாருங்க" என்றாள்.

அந்த வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி ஆக்சிலேட்டரில் கால் வைத்தாள். அவன் இடது கை உயர்ந்தால் அழுத்த வேண்டும், தாழ்ந்தால் விட வேண்டும். கரண்டி வாயிலிருக்க, வலது கையால் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் போகும் டீசல் குழாயின் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்தி, கேட்டு, மறுபடி இறுக்கினான். எந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாதபோது தட்டல் நிற்கிறதோ, கோளாறு அதில்தான். முதலாவதில் தட்டல் போகவில்லை. இரண்டாவதிலும் போகவில்லை. மூன்றாவது நட்டைத் தளர்த்தியதும் மாயேலாவுக்கே தெரிந்தது, டொக் நின்றுவிட்டது. அவன் கை காற்றில் அப்படியே நின்றது.

மூன்றாவது இன்ஜெக்டரைக் கழற்றி, டார்ச் அடித்து, அவளுடைய பவுடர் கண்ணாடியைப் பிடித்துக் குழிக்குள் பார்த்தான். வளைத்த கம்பியால் கிண்டி இரண்டு செம்பு வாஷர்களை வெளியே எடுத்தான். ஒன்றுதான் இருக்க வேண்டும்; இரண்டிருந்தால் இன்ஜெக்டர் தூக்கி நின்று டீசலைத் தப்பாகப் பீய்ச்சும். அறுவடைக்கு முன்னால் துடைக்கக் கழற்றியபோது பழையது கரியில் ஒட்டி அடியிலேயே தங்கிவிட்டது. அதன்மேலேயே புதியதைப் போட்டு இறுக்கியிருக்கிறான்.

"நானே பண்ணினது" என்றான். "காது இருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

"இன்னிக்கும் கேட்டுத்தான கண்டுபிடிச்சீங்க?"

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச்சில் பூசைக்குப் போகவில்லை. ஊர் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். மாயேலா செம்பு வாஷரை இடுக்கியில் பிடித்து அடுப்புத் தணலில் சிவக்கச் சுட்டு, தண்ணீரில் போட்டாள். சுட்டுப் போட்டால் செம்பு இளகி நன்றாகப் படியும். அவன் குழியைச் சுரண்டித் துடைத்து, ஒன்றே ஒன்று என்று அவளுக்குக் காட்டிவிட்டு உள்ளே வைத்தான். இன்ஜெக்டர் இறங்கியது. பிறகு குழாயில் ஏறிய காற்றை எடுக்க வேண்டும். அவள் கைப்பம்பை அடிக்க அடிக்க நட்டோரம் நுரை பொங்கியது. நுரை அடங்கி வெறும் டீசல் வழியத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னான். செல்ஃப் போட்டான். பிடிவாதக்காரி இரண்டு முறை முரண்டு பிடித்து, மூன்றாவது முறை ஓடத் தொடங்கியது.

எலாடியோ கரண்டியைக் கடித்துக்கொண்டு நான்கு சிலிண்டரையும் சுற்றி வந்தான். காம்பைச் சட்டையில் துடைத்து அவளிடம் நீட்டினான்.

"கடி."

கடித்தாள். கரண்டியின் முதுகு இரும்பில் பட்டதும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. வெளியே கேட்ட இரைச்சல் இல்லை இது. நாலு அடி, ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றையொன்று முந்தாமல். அதற்குக் கீழே பல்சக்கரங்கள் அரைக்கும் மெல்லிய ஓசை. ஓரத்தில் பம்பின் சின்னச் சின்னத் தட்டல். தனித்தனியாக எல்லாம் தெரிந்தது. இத்தனை வருஷம் மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து இவன் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தானா? அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

கீழே கேட்டருகே ஹாரன் அடித்தது. மரியாதையான, சின்ன ஹாரன். கார்த்தாகோக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். எலாடியோவுக்குக் கேட்கவில்லை. அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, "கேக்குதா?" என்று கேட்டான்.

அவள் தலையாட்டினாள். ஹாரன் மறுபடி அடித்தது.

மூன்றாவது முறை அடித்தபோது மாயேலா கண்ணை மூடிக்கொண்டு, கரண்டியை மெதுவாக அடுத்த சிலிண்டருக்கு நகர்த்தினாள்.