பெரிய கேட்டு மணி

என் வீட்டுக்காரருக்குக் காது மந்தமாகிவிட்டது என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. ரயில்வே கேட்தான் சொன்னது.

வெள்ளிக்கிழமை காலை வடலூருக்கு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தோம். எதிர்வெயிலில் கேட்டின் சிவப்பு விளக்கு எனக்கே சரியாகத் தெரியவில்லை. ஆனால் ஹூட்டர் கீச்சென்று ஊரைக் கூட்டியது. இவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. "நிறுத்துங்க!" என்று அலறி இடுப்பில் கிள்ளினேன். பிரேக் பிடித்தபோது தடுப்புக்கட்டை முன்சக்கரத்தை உரசிக்கொண்டு இறங்கியது.

கேட்கீப்பர் சத்யப்பிரியா ஓடிவந்தாள். "ஏன் சார், ஹூட்டர் இந்தக் கத்து கத்துது, காதுல விழலியா? அக்கா, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"மணியே அடிக்கலியேம்மா" என்றார் இவர்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் சண்டைக்கு நின்றிருப்பேன். நிஜமாகவே குழம்பிப்போய்ச் சொன்னார்.

இந்த மனிதரா? குவார்ட்டர்ஸ் வாசலில் காபி டம்ளரோடு உட்கார்ந்துகொண்டு, எந்த கேட் மூடுகிறது என்று மணியை வைத்தே சொல்வார். வடலூர் ரோட்டில் இருப்பது பெரிய கேட். அதன் மணி கனத்த குரலில், நிதானமாக, ஒவ்வொன்றாக விழும். மைன்ஸிலிருந்து நிலக்கரி வண்டி போகும் பாதையில் சைடிங் கேட். அது தகர டப்பாவைத் தட்டுவது போல அவசரமாக அடிக்கும். இரண்டு மாதம் முன்பு இரண்டையும் கழற்றிவிட்டு ஒரே மாதிரி ஹூட்டரை மாட்டினார்கள். அதன்பிறகு இவர் கேட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. வித்தியாசம் தெரியாததால் சலித்துப்போய்விட்டார் என்று நினைத்தேன், நான் ஒரு மண்டு.

முப்பது வருஷம் கன்வேயர் பெல்ட் பக்கத்தில் நின்றவர். காதில் வைத்துக்கொள்ளக் கொடுக்கும் அடைப்பான்கள் எப்போதும் சட்டைப் பையில்தான் கிடக்கும். எத்தனையோ முறை துணியோடு துவைத்திருக்கிறேன். கேட்டால், "பெல்ட்டு உருள கெடறதுக்கு மின்னயே சத்தம் மாறும். காத அடைச்சிகினா எப்டித் தெரியும்?" என்பார். ராஜேந்திரன் காது வைத்தால் தப்பாது என்று ஷிஃப்ட்டில் பேர். அந்தப் பேருக்குக் காதையே கொடுத்திருக்கிறார்.

வடலூரில் காய்கறி வாங்கும்போது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "திங்கக்கெழம மொத ஷிஃப்ட்டு. நீங்க வேலைக்குப் போற வழியில சைடிங் கேட்டுலயும் இதே ஹூட்டர்தான். அன்னிக்கு யாரு கிள்ளுவா? ஆஸ்பத்திரிக்குப் போயி காதக் காட்டுங்க."

"காட்டுனா பெல்ட்டுலேர்ந்து எடுத்து ஆபீசுல குந்த வெச்சிடுவாங்க. எனக்கு நல்லாத்தான் கேக்குது" என்றார். கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

திரும்பும்போது பெரிய கேட் தூரத்தில் தெரியும்போதே ஹூட்டர் கத்தத் தொடங்கியது. ஸ்கூட்டர் அதே வேகத்தில் போனது. இந்தமுறை நான் கத்தவில்லை. இத்தனை பேர் நடுவில் அவரைச் செவிடர் என்று காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. உள்ளங்கையால் முதுகில் தட்டினேன். மறுபடி தட்டினேன். வண்டி மெதுவாகி, கேட்டுக்கு நல்ல தூரத்திலேயே நின்றது. நின்ற பிறகும் என் கை தட்டிக்கொண்டே இருந்தது.

திரும்பாமலே கேட்டார். "கமலா, இது பழைய மணிதான?"

அப்போதுதான் கவனித்தேன். ஹூட்டர் மூச்சு விடாமல் கீச்சிட்டுக்கொண்டிருக்கிறது. என் கை மட்டும் நிதானமாக, ஒவ்வொன்றாக விழுகிறது.

"ஆமாங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது.

ரயில் போய்க் கட்டை மேலே ஏறியது. பின்னால் பஸ்காரன் ஹாரனை அழுத்தினான். அந்தக் கனத்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். ஆனாலும் வண்டியைக் கிளப்பவில்லை. இறங்கி, ஹேண்டில்பாரை என் பக்கம் சாய்த்தார்.

"நீ ஓட்டு."

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இவர் என் பின்னால் உட்கார்ந்ததே இல்லை. தண்டவாளத்தில் வண்டி குலுங்கியபோது என் தோளைப் பிடித்துக்கொண்டார். கேட்டைத் தாண்டிய பிறகும் கையை எடுக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவர் விரல் என் தோளில் ஒரு தட்டு தட்டியது. இடைவெளி விட்டு, நிதானமாக, இன்னொன்று.