கருவாட்டுக் களத்தில் மூன்றாவது ரீல்

வெளிவராத பின்னணி இசையைச் சேகரிப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தன்னிடம் இன்னது இருக்கிறது என்று ஒருவர் சொல்வார். மற்றவர்கள் அனுப்பச் சொல்லிக் கெஞ்சுவார்கள். அவர் ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். இசை என்ற ஒன்று அந்தக் குழுவில் ஒலிப்பதே இல்லை. ஒலித்தால் எல்லாரிடமும் போய்ச் சேர்ந்துவிடும். எல்லாரிடமும் இருப்பதைச் சேகரித்து என்ன செய்வது?

ஒரே ஒரு தடவை ஒலித்தது. குழுவில் மூத்தவரான பெரம்பூர் வரதன், பேரன் பிறந்த சந்தோஷத்தில் நிதானம் தவறி, முக்கால் நிமிடத் துண்டு ஒன்றைப் போட்டுவிட்டார். இளங்கோவன் என்பவர் இசையமைத்த ஒரே படத்தின் பின்னணி இசை அது. படம் முடிந்து, இசைப் பதிவும் முடிந்த பிறகு தயாரிப்பாளர் தலைமறைவானார். படமும் அவரோடு போனது. இளங்கோவன் கொஞ்ச காலம் கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்தார், பிறகு செத்துப்போனார். மிஞ்சியது அந்த முக்கால் நிமிடம்தான்.

அதில் வயலின்கள் எல்லாம் காற்றில்லாத நாளின் ஏரி மாதிரி அசையாமல் கிடக்கும். மேலே ஒற்றைக் கிளாரினெட் படியேறும். ஒரு படி ஏறி மூச்சு வாங்கும். இரண்டாவது ஏறும். மூன்றாவது. நான்காவது படிக்குக் காலைத் தூக்கும்போது துண்டு முடிந்துவிடும். கரண்ட் போன லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

அனுப்பம்பட்டு முரளி அந்த லிஃப்ட்டில் மாட்டிப் பல வருஷம் ஆகிறது. நெல் விளைவிக்கும் வீட்டுப் பையன், மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. ரயிலில் போகும்போது, மெஷின் முன்னால் நிற்கும்போது, சோறு தின்னும்போதெல்லாம் மூன்று படி ஏறி நிற்பான். நான்காவது எப்படி இருக்கும் என்று அவனே போட்டுப் பார்த்ததெல்லாம் ரயில்வே அறிவிப்பு மாதிரி வந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் தன்னை மறந்து முணுமுணுக்க, பெண்ணின் அப்பா தம்பிக்குப் பாட்டெல்லாம் வருமா என்று விசாரித்தார். பாதி வரும் என்று முரளி உண்மையைச் சொன்னான். சம்பந்தம் அந்தப் பாதியோடு நின்றது. நான்காவது படியைக் கேட்காமல் செத்துப்போய்விடுவோமோ என்பதைத் தவிர அவனுக்கு வாழ்க்கையில் பெரிய பயம் எதுவும் இல்லை. வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, ஆனால் அது ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது.

ஒருநாள் வரதன் குழுவில் பழைய புகைப்படம் ஒன்றைப் போட்டார். இடித்துத் தள்ளப்பட்ட ஒரு ரெக்கார்டிங் தியேட்டரின் ஊழியர்கள் வரிசையாக நின்றார்கள். ஓரத்தில் நின்ற ஒல்லி ஆளின் காலடியில் 'ஸ்டீபன், தோணிரேவு' என்று எழுதியிருந்தது. இளங்கோவன் இசை பதிந்த ரீலைக் கடைசியாகத் தொட்டவன் இவன்தான் என்று பீற்றிக்கொண்ட வரதன், நாக்கைக் கடித்துக்கொண்ட மாதிரி உடனே படத்தை அழித்தார். அதற்குள் முரளி பார்த்துவிட்டான். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் குழுவுக்குக் காலை வணக்கம் சொன்னான்.

இந்தத் தொழிலுக்கு ஒரு சட்டம் உண்டு. வரதனே சொன்னது, குழுவே மனப்பாடமாய் வைத்திருப்பது: "வேணுங்கற பொருளைக் கண்ணால பாக்காத. வேண்டாததுக்கு விலை பேசு. மொத தடவை வாங்காத. ரெண்டாவது தடவை சலிச்சிக்கோ. மூணாவது தடவை, தூக்கிக்கினு போய்த் தொலைன்னு அவங்களே குடுப்பாங்க." ஆசைப்படுவது தெரிந்தால் விலை ஏறும், செய்தி பரவும், இன்னொரு சேகரிப்பாளன் வந்து நிற்பான்.

அடுத்த வார லீவில் முரளி பொன்னேரியில் இறங்கி, பழவேற்காடு பஸ் பிடித்து, தோணிரேவுக்குப் போய்ச் சேர்ந்தான். ஸ்டீபன் கொரோனாவில் போய்விட்டார் என்றார்கள். வீட்டைக் காட்டினார்கள். அவர் மனைவி செசிலியா வாசலுக்கு எதிரே மணலில் கருவாடு காயவைத்து, கையில் கொம்போடு நின்றாள். காக்காய்கள் சுற்றி உட்கார்ந்து, பந்திக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி பொறுமையாக இருந்தன.

முரளி அனுப்பம்பட்டிலிருந்து கருவாடு வாங்க வந்ததாகச் சொன்னான். அவன் வீட்டில் கருவாடு நுழைந்ததே இல்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டு உள்ளே போனபோது, மாதா படத்துக்குக் கீழே ஒரு வட்டத் தகர டப்பா இருந்தது. மூடியில் ஒட்டிய காகிதத்தில் இளங்கோவன் பெயரும், ரீல் மூன்று என்றும் இருந்தது. முரளி சட்டப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூலையில் கிடந்த ஓட்டை மின்விசிறியைத் தருவீர்களா என்று கேட்டான். அது ஓடுகிறது, தரமாட்டேன் என்றாள். அப்புறம்தான் போனால் போகிறது என்பதுபோல டப்பாவைக் காலால் காட்டினான்.

"இது இன்னாக்கா? எடைக்குப் போடறதா?"

"காலை எடு நைனா, அவரு வெச்சது." செசிலியா டப்பாவை எடுத்து முந்தானையால் துடைத்தாள். தியேட்டரை இடித்தபோது குப்பையிலிருந்து எடுத்து வந்தாராம். "உள்ள மியூசிக் கீதாம். ஒவ்வொண்ணுக்கும் முன்னால நம்பர் சொல்றது அவருதானாம். என் குரல் கீதுடி அதுலன்னு சொல்லிக்கினே இருப்பாரு. போட்டுக் கேக்கத்தான் மிஷின் இல்ல. நீ படிச்ச புள்ளயா கீற. இத்தினி வருஷம் கழிச்சி குரல் இருக்குமா, போயிருக்குமா?"

இருக்கும் என்று முரளிக்குத் தெரியும். டப்பாவுக்குள் கிடந்த டேப் அவ்வளவு சீக்கிரம் கெடாது. ஆனால் இருக்கும் என்று சொன்னால் அவள் தரமாட்டாள். மின்விசிறியையே தராதவள்.

"ஒண்ணும் இருக்காதுக்கா," என்றான். "உப்புக் காத்து. எல்லாம் எப்பவோ அழிஞ்சிருக்கும். இப்ப இது வெறும் பிளாஸ்டிக் நாடா."

செசிலியா டப்பாவை மாதா படத்துக்குக் கீழே வைக்காமல், கதவோரம் தரையில் வைத்தாள். முரளி அதைக் கவனித்தான். வரதன் சொன்னபடியே பொருளின் மதிப்பு இறங்குகிறது என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டான். நெத்திலிக் கருவாடு வாங்கிக்கொண்டு கிளம்பினான். ரயிலில் அவனைச் சுற்றி நாலு இருக்கைகள் காலியாகவே வந்தன.

இரண்டாவது தடவை போனபோது அவள் பழவேற்காடு மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். வீடு பூட்டியிருந்தது. முரளி, சலித்துக்கொள்ள ஆளில்லாமல், பக்கத்து வீட்டில் கருவாடு வாங்கிச் சலித்துக்கொண்டான். அப்புறம் கம்பெனியில் இரட்டை ஷிஃப்ட் போட்டார்கள். அவன் பதறவில்லை. ரீல் அங்கே இருப்பது தெரிந்தவன் அவன் ஒருவன்தான், அவனும் வாயைத் திறக்கவில்லை. ரீல் எங்கே போய்விடும்?

மூன்றாவது தடவை பையோடு போனான். பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போதே ஏதோ ரீங்காரம் கேட்டது. டிரான்ஸ்ஃபார்மர் என்று நினைத்தான். களத்துக்கு வந்ததும் தெரிந்தது. சவுக்குக் குச்சிகளை வரிசையாக நட்டு, குச்சிக்குக் குச்சி பழுப்பு நாடாவை முறுக்கி இழுத்துக் கட்டியிருந்தார்கள். வெயிலில் பளபளத்தது. ஏரிக் காற்றில் படபடத்து உறுமியது. செசிலியாவின் களம் மட்டுமல்ல, அடுத்த களம், அதற்கடுத்தது, எல்லாவற்றிலும். காக்காய்கள் தூரத்தில் கரையேற்றிய படகுகளின் மேல் உட்கார்ந்து, வேலை போனவர்கள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தன.

வயல்காரர்கள் பழைய கேசட் நாடாவைப் பறவை விரட்டக் கட்டுவார்கள். முரளியின் அப்பாவே கட்டியிருக்கிறார். அது என்ன பாட்டு கேசட் என்று ஒருநாளும் முரளி கேட்டதில்லை.

செசிலியா கொம்பு இல்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"வா நைனா. நீ சொன்னதுதான். இல்லாங்காட்டி இன்னும் பொட்டியிலயே வெச்சிக்கினு, தெனம் தொடச்சிக்கினு இருந்திருப்பேன். ஒரு காக்கா கிட்ட வரல. ஊருக்கே குடுத்துட்டேன். மிச்சத்தை உங்க பக்கம் நெல்லுக்குக்கூட வாங்கிக்கினு போனாங்க."

முரளி குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாடாவை விரலால் தொட்டான். விரலில் பழுப்புத் தூள் ஒட்டியது. எவ்வளவு நாளாக இப்படிக் கிடக்கிறது என்று கேட்டான். அவன் வந்து பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுப் போன மறுநாளே கட்டியதாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவன் சட்டத்தை மறந்தான். இந்த நாடா வேண்டும், எவ்வளவு மிச்சமிருந்தாலும் வேண்டும், காக்காய்க்கு வலை வாங்கித் தருகிறேன் என்று கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டான். செசிலியாவின் முகத்தில் சிரிப்பு மெல்ல இறங்கியது.

"ஒண்ணும் இல்லன்னியே?"

"சும்மா ஒருவாட்டி பாத்துரலாம்னுதான்க்கா."

எழுந்து போய், நடு வரிசையில் குச்சிகளின் நிழலில் கிடந்த நாடாவை, கொஞ்சம் வெயில் குறைவாகப் பட்டதை, அவளே அவிழ்த்து ஒரு நூல்கண்டு அட்டையில் சுற்றிக் கொடுத்தாள். மெதுவாகச் சுற்றினாள். குரல் கிரல் இருந்தால் வந்து சொல்லு என்றாள்.

அந்த நாடாவைப் போட்டுக் கேட்கும் ஸ்பூல் மிஷின் வைத்திருப்பது வரதன் ஒருவர்தான். முரளி பெரம்பூர் போய், எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லாமல், சுருளை நீட்டினான். வரதன் மோந்து பார்த்தார். "தோணிரேவு," என்றார். அவர் வீட்டுச் சட்டம் ஒன்றை மட்டும் நினைவூட்டினார்: வந்தவர்கள் போனை வாசலில் வைக்க வேண்டும். இங்கே கேட்கலாம், பதிவு செய்யக்கூடாது. முரளி இதை முன்பே அறிந்திருந்தான். நியாயமான சட்டம் என்றுகூட நினைத்திருந்தான். போனை எடுத்துச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தான்.

மிஷின் ஓடியது. இரைச்சல். நாடா ஓட ஓட அடியில் பழுப்புத் தூள் மாவு மாதிரி கொட்டியது. இரைச்சலுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. அலட்டல் இல்லாத, மூக்கடைத்த மாதிரியான குரல். "ரீல் மூணு. டேக் நாலு," என்றது. தொண்டையைச் செருமியது. பக்கத்தில் யாரிடமோ, "இன்னாபா, ரெடியா?" என்றது.

அப்புறம் இரைச்சல் மட்டும். முரளி முன்னால் சாய்ந்து காத்திருந்தான். வயலின் வரவில்லை. கிளாரினெட் ஒரு படிகூட ஏறவில்லை. நாடா முடிந்து சக்கரம் வெறுமனே சுற்றியது.

அந்தக் குரலையாவது மறுபடி போடுங்கள், பதிவு பண்ணிக்கொள்கிறேன் என்று முரளி எழுந்தான். வரதன் ரீலைத் தொட்டுக் காட்டினார். நாடா கண்ணாடி மாதிரி இருந்தது, அந்தப் பக்கம் அவர் விரல் தெரிந்தது. பூச்சு முழுக்க அடியில் கொட்டிக்கிடந்தது.

"இதுல தேறாது. விடு, மியூசிக்கா போச்சு? நம்பர் சொல்றவன் சத்தந்தான," என்றார் வரதன். "அந்த முக்கா நிமிஷத் துண்டுலயும் மொதல்ல இந்த ஆளு கத்துவான். கேக்க அசிங்கமா கீதுன்னு வெட்டிட்டேன்."

வெட்டியதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று முரளி கேட்டான். வெட்டியதை யாராவது வைத்திருப்பார்களா என்று வரதன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். பிறகு தூளை ஒரு காகிதத்தில் கூட்டி அள்ளி ஜன்னல் வழியே கொட்டினார்.

அந்த வாரமே முரளி தோணிரேவுக்குப் போனான். ரயிலிலும் பஸ்ஸிலும் வாக்கியங்களைத் தயார் செய்தான். இருந்தது, கேட்டேன், போய்விட்டது. மூன்று வார்த்தைதான். முதல் தடவை ஏன் இல்லை என்றாய் என்று அவள் கேட்பாள் என்பதும் தெரிந்திருந்தது.

செசிலியா கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவன் நிழல் விழுந்தும் நிமிரவில்லை.

"இருந்துச்சா?"

முரளி களத்தைப் பார்த்தான். நாடாவில் மிச்சமிருந்த வரிசைகள் உறுமிக்கொண்டிருந்தன. உச்சி வெயில்.

"ஒண்ணும் இல்லக்கா."

அவள் முதுகு தளர்ந்தது. அதுவரை அது விறைத்திருந்ததை அவன் அப்போதுதான் கவனித்தான். "நல்ல வேள," என்றாள். "நீ அவ்ளோ கெஞ்சிக் கேட்டியா, எனக்கு ராவெல்லாம் தூக்கமில்ல. உள்ள குரல் இருந்து, நானே எடுத்து வெயில்ல கட்டிட்டனோன்னு. அவரு செத்தப்பகூட கிட்ட விடல, மூட்டகட்டிக் குடுத்தாங்க. இதுலயும் அப்படி ஆயிடுச்சோன்னு." மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். அவனுக்கென்று எடுத்துவைத்த வஞ்சிரக் கருவாட்டைக் கொண்டுவர உள்ளே போனாள்.

நாடா அவிழ்த்த நடு வரிசையில் ஒரு காக்காய் வந்து இறங்கியது. பின்னால் இன்னொன்று. படகுகளின் மேலிருந்தவை ஒவ்வொன்றாகத் தலையைச் சாய்த்து அந்த இடைவெளியைப் பார்த்தன.

"தம்பி, காக்கா," என்று உள்ளேயிருந்து செசிலியா சொன்னாள். "நான் வர்ற வரைக்கும் அங்கயே நின்னு கையத் தட்டு."

முரளி போய் இரண்டு குச்சிகளுக்கு நடுவில் நின்றான். கையைத் தட்டினான். காக்காய்கள் எழும்பி, அவன் நிறுத்தியதும் மறுபடி உட்கார்ந்தன. மறுபடி தட்டினான். இரண்டு பக்கமும் நாடா உறுமியது.