குனிந்து வந்த விருந்தாளி

இலாரியாவின் சமையல்கட்டு வாசலில் தலையை இடித்துக்கொள்ளாத வெளியூர்க்காரன் இன்னும் பிறக்கவில்லை என்று தீவு முழுக்கப் பேச்சு. வீட்டைக் கட்டிய அவள் புருஷன் கெர்வாசியோ குள்ளன். தன் தலைக்கு மேல் நாலு விரல் இடம் போதுமென்று நிலையை வைத்துவிட்டான். முதுகில் மூட்டையோடு மலைநாடெல்லாம் சுற்றித் திரியும் வெளிநாட்டுப் பிள்ளைகள் ஏரியைக் கடந்து படகில் வந்து இறங்குவார்கள். தீவில் முறைவைத்து வீட்டுக்கு ஒருவராகப் பிரித்துக் கொடுப்பார்கள். இலாரியா வீட்டுக்கு வருகிறவன் முதலில் நிலையில் ணங்கென்று இடித்துக்கொண்டு, அப்புறம்தான் வணக்கம் சொல்வான். கெர்வாசியோ அதில் ஆட்டுத்தோலைச் சுற்றிக் கட்டிப் பார்த்தான். சத்தம் குறைந்ததே தவிர இடி குறையவில்லை என்று அவிழ்த்துவிட்டான்.

இடிக்காத ஒரே நெட்டையன் அவர்கள் மகன் ரூஃபினோ. பேச்சை நிறுத்தாமல், நிமிர்ந்து பார்க்காமல், இடது தோளைச் சாய்த்துக் குனிந்து உள்ளே வந்துவிடுவான். மூன்று வருஷத்துக்கு முன் வலை இழுக்கப் போனான். படகு மட்டும் திரும்பி வந்தது. உடலை ஏரி கொடுக்கவில்லை.

உடல் வராதபோது சாவு எங்கிருந்து வந்தது என்பது இலாரியாவின் கட்சி. பிள்ளை கரையேறி ஏதோ பட்டணத்தில் செங்கல் அறுத்துக்கொண்டிருக்கிறான், கோபம் தணிந்தால் வருவான் என்பாள். என்ன கோபம் என்று கேட்டால் கேட்டவர்மேல் எரிந்து விழுவாள். செத்தவன் துணியை ஐந்தாம் நாள் தண்ணீரில் அலச வேண்டும். அவள் அலசவில்லை. ஆத்துமாக்கள் திருநாளில் நண்பகல் மணிக்குச் செத்தவர்கள் வீடு வந்து, மறுநாள் நண்பகலில் திரும்பிப் போவார்கள். அவர்களுக்கு மேசை போட்டுப் படைக்க வேண்டும். இரண்டு வருஷமாக அவள் படைக்கவில்லை. மூன்றாம் வருஷம்தான் கடைசி. அதற்குப் பிறகு படைத்தாலும் வாங்க யாரும் வரமாட்டார்கள்.

அந்தக் கடைசித் திருநாளின் காலையில் ரூஃபினோவின் ஞானத்தாய் நீவெஸ், முகம் பதித்துச் சுட்ட ரொட்டிப் பொம்மையைத் துணியில் சுற்றி எடுத்து வந்தாள்.

"இந்த வருஷமாவது மேசை போடுடி. புள்ள பசியோட வாசல் வாசலா நிப்பான்."

"உன் வாயில மண்ணு விழ. உசுரோட இருக்கறவனுக்குப் படையலா?"

"உசுரோட இருந்தா ஒரு சேதி அனுப்பமாட்டானா?"

"அனுப்புவான். நீ போ. எனக்கு விருந்தாளி வர்ற முறை."

நீவெஸ் ரொட்டியைத் திண்டின்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று ஏரியில் ஆலங்கட்டி மழை. படகு தாமதமாகத்தான் வந்தது. கோயில் மணி நண்பகல் அடித்துக்கொண்டிருக்கும்போது, சொட்டச் சொட்ட நனைந்த ஒரு நெட்டைப் பையன் முற்றத்தில் வந்து நின்றான். பெயர் லூபோஷ் என்றான். நடுக்கத்தில் பல் தந்தியடித்தது. இலாரியா யோசிக்கவில்லை. ஆணியில் தொங்கிய சிவப்புக் கம்பளிப் போஞ்சோவை எடுத்து அவன் தலைவழியாக மாட்டிவிட்டாள். மாட்டிய பிறகுதான் அது யாருடையது என்று கைக்கு உறைத்தது.

பையன் சமையல்கட்டை நோக்கி நடந்தான். கெர்வாசியோ, "தம்பி, தலை!" என்று கத்த வாயெடுத்தான். பையன் இடது தோளைச் சாய்த்துக் குனிந்து உள்ளே போனான்.

கெர்வாசியோவின் வாய் திறந்தபடியே நின்றது.

உள்ளே நாலு முக்காலி கிடக்க, அவன் அடுப்போரம் கவிழ்த்து வைத்த பெயின்ட் டப்பாவின் மேல் போய் உட்கார்ந்தான். அது ரூஃபினோவின் இடம். யாரைக் கண்டாலும் குரைக்கும் நாய் வந்து அவன் பாதத்தில் தாடையை வைத்துக்கொண்டது. சூப்பைக் கொடுத்ததும், பனியில் காயவைத்த கறுப்பு உருளைக்கிழங்குகளைப் பொறுக்கித் தட்டின் விளிம்பில் வரிசையாக அடுக்கினான்.

"கறுப்புக் கிழங்கு எந்த வெளிநாட்டுக்காரனுக்குப் புடிச்சிருக்கு? எல்லாரும்தான் ஒதுக்குவாங்க," என்றான் கெர்வாசியோ.

"நம்ம புள்ள மாதிரி வரிசையா அடுக்குவாங்களா?" என்றாள் இலாரியா.

பையன் நிமிர்ந்து, "நல்லாருக்கு, அம்மா," என்றான். வீட்டுக்காரியை அம்மா என்று கூப்பிடும்படி வழிகாட்டிகள் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். எத்தனையோ பேர் கூப்பிட்டிருக்கிறார்கள், ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருக்கிறாள். இன்று "என்னய்யா?" என்று பதில் கொடுத்தாள். அவளுக்குப் பயமே இல்லை. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. அதுதான் கெர்வாசியோவுக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலத்துக்குள் பையன் படுத்துவிட்டான். மலைக்காற்று ஒத்துக்கொள்ளாமல் வந்த நோய். புதியவர்களுக்கு வருவதுதான், மூலிகைத் தேநீர் கொடுத்தால் தணியும். இவனுக்குத் தணியவில்லை. இலாரியா அவனை ரூஃபினோவின் கட்டிலில் கிடத்தி, போஞ்சோவைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். அவன் பூட்ஸைக் கொண்டுபோய் விதைக்கிழங்குக் குழியில் போட்டு வைக்கோலால் மூடினாள்.

விடிந்து வெயில் ஏறியது. துறையில் படகு புறப்பட நின்றது. கெர்வாசியோ பூட்ஸைத் தேடி வீட்டைப் புரட்டிப்போட்டுவிட்டு, போய் நீவெஸைக் கூட்டிவந்தான்.

"அவன் உதட்டப் பாருடி. நீலம் பாரிச்சுக் கெடக்கு," என்றாள் நீவெஸ். "கரையில ஆஸ்பத்திரி இருக்கு. படகுல ஏத்து."

"நான் பாத்துக்கறேன். என் புள்ளய நான் பாத்துக்கமாட்டேனா?"

"அது யாரு பெத்த புள்ளயோ! இவன் ஆத்தா எங்கேயோ உக்காந்து வழி பாத்துட்டிருப்பா." நீவெஸ் குரலைத் தாழ்த்தினாள். "நண்பகலுக்குள்ள போகவேண்டிய ரூஃபினோவ நீ புடிச்சு வெச்சா, அவன் தனியாப் போகமாட்டான். இந்தப் பையனையும் இழுத்துட்டுத்தான் போவான்."

"போகட்டும்னு விடறதுக்கா இத்தன வருஷம் காத்திருந்தேன்? யோவ், நீயாவது சொல்லேன்யா. வாசல்ல குனிஞ்சானா இல்லையா?"

"குனிஞ்சான்," என்றான் கெர்வாசியோ. அவன் கண் கலங்கிவிட்டது. "நானும்தான் பாத்தேன். அதுக்காக?"

கட்டிலில் பையன் நோய் வேகத்தில் புரண்டான். தனக்குத் தெரிந்த நாலைந்து சொற்களில் மூன்றை எடுத்தான்.

"குளிருது, அம்மா. பசிக்குது."

இலாரியா அவன் கன்னத்தைத் தொட்டாள். இரவெல்லாம் கணப்பு மூட்டியும், மூன்று கம்பளி போர்த்தியும், ஏரித் தண்ணீரில் கை வைத்ததுபோல் இருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று வருஷமாக இந்தக் குளிர், மூன்று வருஷமாக இந்தப் பசி. ஊரில் எல்லார் வீட்டு ஆத்துமாவும் தின்று குடித்துப் போக, தன் பிள்ளையை மட்டும் வாசலில் நிறுத்தி வைத்தவள் தானேதான். அவன் செத்ததைவிட அது அதிகமாக வலித்தது.

எழுந்து போய்க் கிழங்குக் குழியிலிருந்து பூட்ஸைக் கொண்டுவந்து கெர்வாசியோவின் முன்னால் போட்டாள். பிறகு சமையல்கட்டில் மேசை போட்டாள். வேகவைத்த கிழங்கு, பொரித்த பாலாடைக்கட்டி, களைப்புத் தெரியாமல் மெல்லக் கோக்கா இலை, வழியில் தண்ணீர் மொள்ள உள்ளே துளையுள்ள வெங்காயத் தாள், நீவெஸ் சுட்ட ரொட்டிப் பொம்மை. பையனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். அவன் தலையை நிமிர்த்தவேயில்லை, அப்போதும் குனிந்துதான் உள்ளே வந்தான். இலாரியா ரொட்டியைப் பிட்டு அவன் வாயில் ஊட்டினாள். அவன் முழுதும் தின்றான். நடுக்கத்தோடு, அவசரமாக, பார்க்கப் பொறுக்காதபடி தின்றான்.

"போதுமாய்யா?" என்றாள்.

அவன் தலையாட்டினான். அவள் போஞ்சோவை அவன் தலைவழியாகக் கழற்றினாள். போயிட்டு வா என்று நாக்கின் நுனிவரை வந்ததை விழுங்கினாள்.

"போ," என்றாள். "அம்மாவப் பத்திக் கவலப்படாம போ."

கெர்வாசியோ பையனின் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னே நடந்தான். பையன் அவன் பின்னால் வாசலுக்கு வந்தான்.

ணங்.

பையன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு தன் பாஷையில் ஏதோ திட்டினான். புதிதாக வந்தவனைப்போல நிலையை அண்ணாந்து பார்த்தான். கெர்வாசியோ பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டான். சிரிப்பு பாதியில் நின்றது. திரும்பி மனைவியைப் பார்த்தான்.

இலாரியா பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து, போஞ்சோவில் முகத்தைப் புதைத்து, மூன்று வருஷமாக அழாத அழுகையை அழுதாள். நாய் பையனோடு போகவில்லை.

நண்பகல் மணி அடித்தபோது படகு பாதி ஏரியைத் தாண்டியிருந்தது. அவள் பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்காலளவு தண்ணீரில் நின்று, ரூஃபினோவின் போஞ்சோவை அலசிக்கொண்டிருந்தாள்.